கலப்பையை டிராக்டரோடு சேர்த்த ஹாரி பெர்குசன்

உங்கள் டிராக்டரின் பின்பக்கம் மூன்று கைகள் இருக்கின்றன. கீழே இரண்டு, மேலே நடுவில் ஒன்று. மேலே இருப்பதை டாப் லிங்க் என்கிறோம். கல்டிவேட்டர், ரோட்டவேட்டர், சட்டிக் கலப்பை, விதைக்கும் கருவி என எதை எடுத்தாலும் இந்த மூன்று இடத்தில்தான் மாட்டுகிறீர்கள். டிராக்டர் எந்த கம்பெனி, கருவி எந்த ஊர் பட்டறை என்று பார்ப்பதில்லை. இந்த மூன்று முனை இணைப்பை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தவர் ஹாரி பெர்குசன். அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மகன்.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் வீட்டைச் சுற்றிச் சில ஏக்கர் புல்வெளி வைத்திருப்பவர்களில் சிலர், பெர்குசனின் சாம்பல் நிறச் சிறு டிராக்டரை வைத்தே இன்றும் புல் வெட்டுகிறார்கள். அந்த டிராக்டரின் தயாரிப்பு 1956-இல் நின்றுவிட்டது. ஆனாலும் இந்த ஆண்டு கடையில் வாங்கும் புல்வெட்டும் கருவி அதன் பின்னால் மாட்டிக்கொள்கிறது. 70 வயதைத் தாண்டிய ஒரு வண்டிக்கு இன்றைய கருவி எப்படிப் பொருந்துகிறது? அதற்கான விடை பெர்குசனின் வாழ்க்கையில் இருக்கிறது.

வயலை விட்டுப் போன பிள்ளை

ஹாரி பெர்குசன் 1884 நவம்பர் 4-ஆம் தேதி, இன்று வட அயர்லாந்தில் உள்ள டவுன் கவுன்டியில், டிரோமோர் அருகே குரோவெல் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் 11 பிள்ளைகள். குதிரை பூட்டி உழுகிற அந்தக் காலத்து வயல் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. கனடாவுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தார். 1902-இல் அண்ணன் ஜோ, பெல்பாஸ்ட் நகரில் நடத்திய சைக்கிள், கார் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். இயந்திரம் அவர் கைக்கு வசப்பட்டது.

அடுத்து விமானத்தின் மீது ஆசை வந்தது. தானே ஒன்றைக் கட்டினார். 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோவில், பலத்த காற்றுக்கு நடுவே சுமார் 120 மீட்டர் பறந்தார். அயர்லாந்தில் நடந்த முதல் விமானப் பயணம் அதுதான். 1911-இல் பெல்பாஸ்டில் சொந்தமாகக் கார் விற்பனை நிலையம் தொடங்கினார். முதல் உலகப் போர் வந்தபோது அதே கடையில் டிராக்டரும் விற்றார். வேண்டாம் என்று விட்டுப் போன வயலுக்கு அந்த வழியாகத் திரும்பி வந்தார்.

உழுதவன் மீதே கவிழ்ந்த டிராக்டர்

போர்க்காலத்தில் உணவுத் தட்டுப்பாடு. அயர்லாந்தில் இருந்த டிராக்டர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை 1917-இல் அரசு இவரிடம் கொடுத்தது. உதவியாளர் வில்லி சான்ட்ஸுடன் ஊர் ஊராகச் சுற்றினார். அப்போதுதான் குறை எங்கே என்று கண்ணில் பட்டது.

அன்றைய டிராக்டர், குதிரை செய்த வேலையைத்தான் செய்தது. கனமான கலப்பையைச் சங்கிலியிலோ கொக்கியிலோ மாட்டிப் பின்னால் இழுத்துப் போனது. கலப்பையைத் தூக்கவும் இறக்கவும் தனியாக ஒரு ஆள் வேண்டும். வரப்போரத்தில் திரும்ப இடம் போதாது. இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. மண்ணுக்குள் இருக்கும் பாறையிலோ வேரிலோ கலப்பை சிக்கினால் இழுவை சட்டென்று நின்றுவிடும். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பின்சக்கரம் நகர முடியாததால் முன்பக்கம் மேலே எழும்பும். ஓட்டுநர் கிளட்சை மிதிக்கும் முன்பே வண்டி பின்னால் கவிழ்ந்து அவர் மேலேயே விழும். இப்படிப் பலர் உயிரிழந்தார்கள்.

டிராக்டரையும் கலப்பையையும் தனித்தனிப் பொருளாக நினைப்பதுதான் தவறு என்று பெர்குசன் முடிவு செய்தார். இரண்டும் ஒரே இயந்திரமாக இருக்க வேண்டும். இதற்கு விடை காண அவருக்கும் சான்ட்ஸுக்கும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின.

டாப் லிங்க் செய்யும் வேலை

அவர்கள் கண்ட விடையை உங்கள் வண்டியிலேயே பார்க்கலாம். கலப்பை மண்ணுக்குள் இழுபடும்போது கீழ்க்கைகள் இரண்டும் அதை முன்னே இழுக்கின்றன. கலப்பையின் மேல்பகுதி முன்னோக்கிச் சாயப் பார்க்கிறது. அந்தச் சாய்வு டாப் லிங்க் வழியாக டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. இதனால் முன்சக்கரம் மேலே எழும்பாமல் தரையில் நிற்கிறது. கலப்பையின் எடையும் மண்ணின் இழுவையும் பின்சக்கரத்தின் மேல் சுமையாக இறங்குவதால் பிடிமானம் கூடுகிறது. எடை குறைந்த டிராக்டரே ஆழமாக உழ முடிந்தது இதனால்தான்.

அடுத்தது ஹைட்ராலிக். மண் இறுகி இழுவை கூடினால் டாப் லிங்க் ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும். அது எண்ணெய் வால்வைத் திறக்க, கைகள் கலப்பையைச் சற்றே தூக்கும். மண் இளகினால் மறுபடி இறக்கும். இன்று டிராஃப்ட் கன்ட்ரோல் என்று நாம் சொல்வது இதைத்தான். கலப்பை பாறையில் மோதினால் பின்சக்கரத்தின் மேல் இருந்த சுமை விலகிவிடும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி கவிழாது.

1933-இல் கருப்பு வண்ணம் பூசிய ஒரு சோதனை டிராக்டரில் இவை எல்லாவற்றையும் சேர்த்தார். 1936-இல் டேவிட் பிரவுன் என்ற தொழிலதிபருடன் கூட்டாக இங்கிலாந்தில் தயாரிப்பு தொடங்கியது. சுமார் 1,350 டிராக்டர்கள் வெளிவந்தன. பிறகு இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

கைகுலுக்கலில் முடிந்த ஒப்பந்தம்

1938 இலையுதிர் காலத்தில் பெர்குசன் ஒரு டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போனார். டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டின் கண்முன்னால் உழுது காட்டினார். ஃபோர்டும் விவசாயி மகன்தான். பார்த்ததும் புரிந்துகொண்டார். டிராக்டரை ஃபோர்டு தயாரிப்பது, வடிவமைப்பும் விற்பனையும் பெர்குசன் பொறுப்பு என்று பேசிக் கைகுலுக்கினார்கள். காகிதத்தில் எதுவும் எழுதவில்லை. 1939-இல் டிராக்டர் சந்தைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 3 லட்சத்துக்கும் மேல் விற்றது.

ஃபோர்டு இருந்தவரை வாய்ச்சொல் நின்றது. நிர்வாகம் அவர் பேரன் கைக்குப் போனதும் நிலைமை மாறியது. 1947-இல் கூட்டை முறித்துக்கொண்டு, அதே மூன்று முனை இணைப்பும் ஹைட்ராலிக்கும் உள்ள புதிய டிராக்டரை ஃபோர்டு கம்பெனி தனியாக விற்கத் தொடங்கியது. பெர்குசன் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார். 25 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டார். 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. கேட்டதில் நான்கு சதவீதம்கூட இல்லை. குத்தகை, நிலப் பங்கு, வாடகை வண்டி என்று பெரிய விஷயங்களை வாய்ப்பேச்சில் முடிக்கிற பழக்கம் நம்மிடம் இன்றும் உண்டு. சொன்னவர் நல்லவராக இருக்கலாம். அவருக்குப் பிறகு வருபவரை யாருக்குத் தெரியும்?

சாம்பல் நிறச் சிறு டிராக்டர்

இதற்கிடையே 1946-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் ஆலையில் பெர்குசன் தன் புகழ்பெற்ற டி.இ.20 டிராக்டரைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தார். எடை ஏறக்குறைய ஒரு டன்தான். கருவிகளை மாட்டவும் சரிசெய்யவும் ஒரே ஒரு ஸ்பேனர் போதும். அந்த ஸ்பேனரே அளவுகோலாகவும் பயன்பட்டது. 10 ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் அதிகமான டிராக்டர்கள் விற்றன. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-இல் தென்துருவத்தை அடைந்ததும் இந்த வகை டிராக்டர்களில்தான்.

1953-இல் பெர்குசன் தன் தொழிலை கனடாவின் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு இணைத்தார். விலையில் 10 லட்சம் டாலர் இழுபறி. காசு சுண்டிப் பார்த்தார்கள். பெர்குசன் தோற்றார், சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். மாஸி பெர்குசன் என்ற பெயர் பிறந்த கதை இது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் அந்த மாஸி பெர்குசனின் தொழில்நுட்பக் கூட்டோடு டிராக்டர் தயாரித்தது. அதே ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி ஹாரி பெர்குசன் இங்கிலாந்தில் தன் வீட்டில் காலமானார். அப்போது வயது 75.

அதே வண்டியில் புல் வெட்டும்போது

மூன்று முனை இணைப்பின் அளவுகள் பின்னர் பொதுத் தரமாக்கப்பட்டன. அதனால்தான் பெர்குசன் டிராக்டருக்கு இன்றைய கருவி பொருந்துகிறது. தட்டுக்கு அடியில் மூன்று பிளேடு சுழலும் புல்வெட்டும் கருவியை மாட்டி, பி.டி.ஓ. தண்டை இணைத்தால் ஏக்கர் கணக்கான புல்வெளியைச் சமமாக வெட்டிவிடலாம். ஆனால் மூன்று விஷயங்களில் அந்தப் பழைய வண்டியின் குணம் தெரிந்திருக்க வேண்டும். பழைய டிராக்டரில் தென்னந்தோப்புப் புல்லை வெட்டும் உங்களுக்கும் இவை உதவும்.

முதலாவது, கிளட்ச். டி.இ.20-இல் இருப்பது ஒற்றை கிளட்ச். மிதித்தால் வண்டிக்கும் பி.டி.ஓ.வுக்கும் எஞ்சின் சக்தி சேர்ந்தே நின்றுவிடும். ஆனால் வேகமாகச் சுழலும் பிளேடு உடனே நிற்காது. அந்த வேகம் பி.டி.ஓ. தண்டு வழியாகத் திரும்பி கியர்பெட்டிக்குப் போய், கிளட்சை மிதித்த பிறகும் வண்டியை முன்னே தள்ளும். வேலி, மரம், வாய்க்கால் அருகில் இது உயிருக்கே ஆபத்து. சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதல்லவா? அந்த ஃப்ரீவீல் போல ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் இணைப்பு ஒன்றைப் பி.டி.ஓ. தண்டில் பொருத்தினால் சிக்கல் தீரும். உங்கள் டிராக்டர் ஒற்றை கிளட்சா, இரட்டை கிளட்சா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். டி.இ.20-இன் பி.டி.ஓ. தண்டு இன்றைய அளவைவிடச் சிறியது என்பதால், அதற்கு ஏற்ற மாற்று இணைப்பும் தேவைப்படும்.

இரண்டாவது, உயரம். டி.இ.20-இல் டிராஃப்ட் கன்ட்ரோல் மட்டுமே உண்டு. கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் கன்ட்ரோல் கிடையாது. புல் வெட்டும்போது மண்ணில் இழுவை இருக்காது, அதனால் டிராஃப்ட் கன்ட்ரோல் உதவாது. கருவியின் எடையை அதன் சொந்தச் சக்கரத்தில் நிற்கவிட்டு, வெட்டும் உயரத்தை அந்தச் சக்கரத்தில் வைக்கிறார்கள். உங்கள் டிராக்டரில் இரண்டு லீவரும் இருந்தால் உழவுக்கு டிராஃப்ட், புல் வெட்டவும் மருந்து தெளிக்கவும் பொசிஷன் என்று பிரித்துப் பயன்படுத்துங்கள். எல்லா வேலைக்கும் ஒரே லீவரைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் பலர்.

மூன்றாவது, சரிவு. அந்தக் காலத்து டிராக்டரில் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. செங்குத்தான சரிவில் அதை இறக்கவே கூடாது. சக்கர இடைவெளியை அகலமாக வைத்து, மேடு பள்ளம் தெரிந்த இடத்தில் மட்டும் நிதானமாக ஓட்ட வேண்டும்.

மறக்கக் கூடாத ஒன்று

பெர்குசனின் இணைப்பு வண்டி பின்னால் கவிழாமல் காப்பது, கருவியை மூன்று முனையிலும் மாட்டும்போது மட்டும்தான். அடிமரத்தைப் பிடுங்கவோ, சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கவோ டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ பின் அச்சிலோ சங்கிலி கட்டினால், 1917-இல் அவர் பார்த்த அதே விபத்து உங்கள் தோட்டத்திலும் நடக்கும். சங்கிலியை எப்போதும் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே கட்டுங்கள். தாழ்ந்த கியரில், கிளட்சை மெதுவாக விட்டு இழுங்கள். வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் கூலி ஓட்டுநருக்கும் இதை ஒருமுறை நேரில் காட்டிச் சொல்லிவிடுங்கள்.