ஊர் மன்றங்களின் கணக்கைக் கேட்ட ஆதி நாகப்பன்

சுங்கை சோவிலும் செரண்டாவிலும் ரவாங்கிலும் கடை வைத்திருக்கும் நம் வியாபாரச் சகோதரர்களில் ஊர் மன்றத்திற்கு லைசென்ஸ் கட்டணம் செலுத்தாதவர் எவருமிலர். கடை வாசலில் பெயர்ப்பலகை மாட்டினால் அதற்கும் கட்டணம் உண்டு. சுங்கை சோவில் ஒரு கடையும் ரவாங்கில் ஒரு கடையும் உள்ளவர், உலு சிலாங்கூர் மன்றம், செலாயாங் மன்றம் என இரண்டு இடங்களுக்கு நடக்க வேண்டியிருக்கிறது. கட்டிய பணம் எவ்விதம் செலவாகிறது, செலவழிப்பவரைக் கேட்பவர் யார் என்ற பேச்சு நம் கடைகளில் அடிக்கடி எழுவதுதான். இக்கேள்வியைத் தீபகற்பம் முழுமைக்குமாக மூன்றாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து விடை சொன்னவர் ஒரு தமிழர். காலஞ்சென்ற டான்ஸ்ரீ ஆதி நாகப்பன் அவர்களின் வரலாற்றை இவ்விதழில் எழுத முற்படுகிறோம்.

அன்னார் தமிழ்ப் பத்திரிகைத் துறையில் பழகி, பின்னர் வழக்கறிஞராகத் திகழ்ந்தவர். ம.இ.கா.வின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராகவும் செனட்டராகவும் விளங்கினார். அவருடைய துணைவியார் ஜானகி அம்மையாரோ, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அமைத்த ஜான்சி ராணிப் படையில் பதினெட்டு வயதளவில் சேர்ந்து, அதன் தலைமையில் இரண்டாம் இடம் வரை உயர்ந்த வீராங்கனை. அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே நமக்கு வேண்டுவது நாகப்பன் அவர்களின் ஒரு பணி மட்டுமே.

இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல் பொதுத் தேர்தலுக்கு முந்தியது. ஜார்ஜ் டவுனில் 1951 டிசம்பரிலும் கோலாலம்பூரில் 1952 பிப்ரவரியிலும் மக்கள் வாக்களித்துக் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நாளடைவில் மாநகரசபை, நகரசபை, புதுக்கிராமங்களுக்கான ஊர்சபை என மன்றங்கள் 370க்கு மேல் பெருகின. எண்ணிக்கை பெருகிய அளவுக்குக் கணக்கு ஒழுங்கு பெருகவில்லை. சில மன்றங்களில் பணம் முறைகேடாகக் கையாளப்பட்டதாகவும், வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டப்பட்டதாகவும் புகார்கள் எழுந்தன. சிரம்பான் நகரசபையும் ஜார்ஜ் டவுன் மாநகரசபையும் இப்புகார்களில் பெரிதாக அடிபட்டன.

இந்தோனேசியாவுடன் மோதல் நிகழ்ந்த காலம் அது. 1965 மார்ச் 1ஆம் தேதி பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். நிலைமை சீரானதும் மீண்டும் நடைபெறும் என்றும் உறுதி கூறினார். அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் நடப்பை ஆராய அரச விசாரணைக் கமிஷன் ஒன்று அமைக்கப்பட்டு, அதன் தலைமை ஆதி நாகப்பன் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் நின்ற இடம் எத்தகையது என்பதை வாசகர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அவர் ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர். ஜார்ஜ் டவுனில் சோஷலிஸ்ட் முன்னணியும் ஈப்போவில் மக்கள் முற்போக்குக் கட்சியும் செல்வாக்கோடு இருந்தன. பெரிய நகரங்கள் பலவற்றில் எதிர்க்கட்சிகளின் கையே ஓங்கியிருந்தது. ஊழல் மலிந்துவிட்டது, ஆதலால் தேர்தலே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது அவருக்கு மிகவும் சுலபம். அவருடைய தரப்பினருக்கும் அது இனித்திருக்கும்.

அவர் அவ்விதம் எழுதவில்லை. 1968 டிசம்பரில் கமிஷன் அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. சிதறிக் கிடக்கும் சட்டங்களை ஒரே சட்டமாக்க வேண்டும், சிறு மன்றங்களை இணைத்துத் தம் வருவாயில் நிற்கக்கூடிய மன்றங்களாக்க வேண்டும் என்றது அது. ஆயின் உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அது வற்புறுத்திற்று. தேர்தலில் குறைகள் உண்டாயினும் நன்மையே மிகுதி என்பது அதன் முடிபு.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கவர்னர்களை அனுப்புமுன் அவர்தம் சொத்தை எழுதி வைத்துக்கொண்டதும், ஹஜ்ஜுக்கு வந்த மக்களிடம் கவர்னர்களைப் பற்றிய குறைகளைக் கேட்டதும் நம் வாசகர் அறிந்தவையே. ஆளப்படுகிறவனைக் கேட்டால்தான் ஆள்பவனின் கணக்குத் தெரியும் என்னும் அதே நியாயத்தையே இவ்வழக்கறிஞரும் கண்டார் என நமக்குத் தோன்றுகிறது.

அறிக்கை மூன்றாண்டுகள் அலமாரியில் உறங்கிற்று. 1971 டிசம்பரில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. பிரதமர் இலாகாவின் நிர்வாக மேம்பாட்டுப் பிரிவு அதனைப் பரிசீலித்தது. ஊர் மட்டத்தில் மீண்டும் தேர்தல் வைப்பது ஜனநாயகத்தை அளவுக்கு மீறிக் கொண்டு செல்வதாகும் என்பது அப்பிரிவின் அபிப்பிராயம். மோதல் 1966லேயே முடிந்திருந்தும் நிறுத்திய தேர்தல் திரும்பவில்லை. 1973இல் ஒரு தற்காலிகச் சட்டமும், 1976இல் ஊராட்சிச் சட்டமும் வந்தன. பின்னதன் 15ஆம் பிரிவு தேர்தல் விதிகள் அனைத்தையும் செல்லாதவையாக்கியது. கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கலாயிற்று. மன்றங்களை இணைக்கும் யோசனை ஏற்கப்பட்டது, வாக்குச் சீட்டு யோசனை தள்ளப்பட்டது. அதே 1976ஆம் ஆண்டில் ஆதி நாகப்பன் அவர்கள் காலமானார்.

அச்சட்டத்தில் நல்ல விதிகளும் உள்ளன. ஒரு கவுன்சிலருக்குப் பண நலன் உள்ள விஷயம் கூட்டத்துக்கு வருமானால் அவர் அதில் பேசவும் வாக்களிக்கவும் கூடாது என்கிறது 34ஆம் பிரிவு. மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தது என்கிறது 23ஆம் பிரிவு. நம்மவர் எத்தனை பேர் அக்கூட்டத்தில் போய் உட்கார்ந்தோம் என்பது வேறு விஷயம். குழுக் கூட்டங்களுக்கு இந்த உரிமை இல்லை. காரியங்களின் உள்விவரம் பேசப்படுவதோ அங்கேதான்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது 107ஆம் பிரிவு. மன்றம் கொடுத்த லைசென்ஸைக் காரணம் கூறாமலே எப்போது வேண்டுமாயினும் ரத்துச் செய்ய அப்பிரிவு இடமளிக்கிறது. இத்துணை அதிகாரம் படைத்த மன்றத்தின் உறுப்பினரை, லைசென்ஸுக்குப் பணம் கட்டுகிறவன் நியமிப்பதுமில்லை, நீக்குவதுமில்லை. நாகப்பன் அறிக்கை ஏற்கப்பட்டிருந்தால், வாக்குக் கேட்டு அந்தக் கவுன்சிலர் நம் கடைப்படி ஏறியிருப்பார்.

பினாங்கு மாநிலம் 2012இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது. அச்சட்டம் செல்லாது என 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜானகி அம்மையார் அவ்வாண்டு மே மாதத்திலேயே மறைந்திருந்தார். கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் நாகப்பன் அவர்களின் பெயரால் ஜாலான் ஆதிநாகப்பன் என்ற சாலை இருக்கிறது.