முதலை திருப்பித் தந்த பையன்!

குட்டீஸ்... அமெரிக்காவில் 1974ல் வெளிவந்த, 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற பகடை விளையாட்டில், செத்த வீரனை எழுப்ப மந்திரம் உண்டு. அதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. உடல் வேண்டும், இறந்து அதிக நாளும் ஆகியிருக்கக் கூடாது.

உடலும் இல்லை, வருடங்களும் ஓடிவிட்டன என்றால்? அப்படிப் போன ஒரு பையனைத் திருப்பிக் கேட்டவர், நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்!

உளுந்தூர்பேட்டை பக்கம் உள்ள திருநாவலூர்தான் சுந்தரர் பிறந்த ஊர். காலம், 8ம் நூற்றாண்டு. அப்பா சடையனார்; அம்மா இசைஞானியார். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய பிள்ளையைப் பார்த்து ஆசைப்பட்ட நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர், பெற்றோரிடம் கேட்டு வாங்கிப் போய் வளர்த்தார்.

வளர்ந்ததும், ஊர் ஊராகப் போய் சிவனைப் பாடினார். கடவுளை நண்பராகவே நினைத்து, உரிமையோடு பொன்னும் நெல்லும் கேட்பார். அதற்காகச் சலுகை கிடைத்தது என்று நினைக்காதீர்கள். சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று திருவொற்றியூரில் செய்த சத்தியத்தை மீறியதால், இரு கண்களும் பார்வை இழந்தன. பாடிப் பாடி, காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும், திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார்.

பிறகு ஒருநாள், நண்பர் சேரமான் பெருமாளைப் பார்க்க, சேர நாட்டுக்குக் கிளம்பினார். வழியில், இன்று அவிநாசி எனப்படும் திருப்புக்கொளியூர். ஒரு வீட்டில் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை. விசாரித்தார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர், சில ஆண்டுகளுக்கு முன் குளிக்கப் போயிருக்கின்றனர். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பியவனுக்கு இப்போது பூணூல் கல்யாணம்.

மகனை இழந்தவர்களுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்! அந்த நிலையிலும், வந்திருப்பவர் சுந்தரர் என்று தெரிந்ததும், அழுகையை அடக்கிக்கொண்டு வந்து வணங்கினர். அவருக்கு மனம் தாங்கவில்லை.

நீர்க்கரைக்குப் போய்ப் பாடினார். மந்திரம் எதுவும் போடவில்லை. பிள்ளையைத் தரும்படி முதலையிடமும், எமனிடமும் சொல்லுங்கள் என்று சிவனிடம் கேட்டார், அவ்வளவுதான். நீர் பெருகி, முதலை வந்து பையனைக் கரையில் உமிழ்ந்தது என்கிறது, 12ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம்.

இதில் ஒரு வேடிக்கை... பையன் ஐந்து வயதுப் பிள்ளையாக வரவில்லை. போன ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான்! அவனுக்கும் பூணூல் போட்டனர். இதை, அவிநாசியில் இன்றும் விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

சேர நாடு போன சுந்தரர் திரும்பவில்லை. திருவஞ்சைக்களத்தில் இருந்து, வெள்ளை யானையில் கயிலாயம் போனார் என்கிறது புராணம். அப்போது அவருக்கு வயது, 18 தான் என்பர்.