செல்லோ இசைஞர் பொக்கரீனி

இத்தாலி நாட்டின் லூக்கா நகரில் 1743ஆம் ஆண்டு தோன்றியவர் லூயீஜி பொக்கரீனி. இசைவாணராகிய தந்தையாரின் வழிநின்று, இளமையிலேயே செல்லோ பயின்றார். செல்லோ வயலின் இனத்தது, உருவிற் பெரியது, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இசைக்கப்படுவது. அந்நாளில் அது பெரும்பாலும் பிற கருவிகளின் கீழ்நின்று துணைசெய்யும் கருவியாகவே விளங்கியது.

பொக்கரீனி வியன்னாவிலும் பாரிசிலும் வாசித்துப் புகழ்பெற்று, 1768இல் ஸ்பெயின் நாட்டை அடைந்தார். 1770இல் அந்நாட்டு மன்னரின் தம்பி டான் லூயிஸ் அவரை ஆதரித்தார். அவ்விளவரசரிடம் இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழு முன்னரே இருந்தது. பொக்கரீனி ஐந்தாமவராக அமர்ந்தார். ஆதலின், இரண்டு செல்லோக்களுக்கு இடமளிக்கும் ஐவர் இசைகளை இயற்றலானார். அவை நூற்றுக்கும் மேற்பட்டன. அவற்றில் ஒரு செல்லோ அடிநின்று தாங்க, மற்றொன்று வயலினுக்குரிய உயர்ந்த சுரங்களிலும் உலவியது. கைப்பழக்கத்தால் அறிந்த அருமையை அவர் ஏட்டில் இசையாக வடித்தார்.

1785இல் இளவரசர் மறைந்தார். மறு ஆண்டு, செல்லோ வாசிப்பதில் வல்லவரான பிரஷ்ய வேந்தர் இரண்டாம் பிரடெரிக் வில்லியம் ஊதியம் அளித்தார். அவரும் 1797இல் மறையவே, அவ்வுதவி நின்றது. முதுமையில் வறுமையும் உற்றாரை இழந்த துயரும் வருத்தின. எனினும் அவர் இசை இயற்றுவதைக் கைவிட்டாரல்லர்.

1805இல் மாட்ரிட் நகரில் அவர் உயிர்நீத்தார். 1927இல் அவர்தம் உடலெச்சம் பிறந்த ஊருக்குக் கொண்டுவரப்பெற்றது. துணைக்கருவியைத் தலைமைக்கு உயர்த்திய அவர் புகழ் நிலைத்து நிற்கின்றது.