பந்தை வைத்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பை எடுத்தவர்



கால்பந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது பீலே, மரடோனா, மெஸ்ஸி போன்ற வெளிநாட்டுப் பெயர்கள்தான். ஹாஸ்டல் அறைச் சுவர்களைப் பார்த்தாலே இது தெரியும். ஆனால் சுதந்திர இந்தியாவின் முதல் கால்பந்து கேப்டன் யார் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் முழிப்போம். அவர் பெயர் டாக்டர் தாலிமேரன் ஆவ். சுருக்கமாக டி. ஆவ். நாட்டின் கொடியை ஏந்தி ஒலிம்பிக் மைதானத்தில் நடந்தவர். இங்கிலாந்தின் பெரிய கிளப் ஒன்று கூப்பிட்டும் போகாமல், படித்து முடித்து, மைதானத்தை விட்டே விலகி, சொந்த மலைக்கு டாக்டராகத் திரும்பியவர்.

ஒரு ஆட்டக்காரர் ஓடுகிற காலத்திலேயே ஓய்வு பெற்றால் அவருக்கு என்ன நஷ்டம்? அவரை நம்பிய கிளப்புக்கு என்ன நஷ்டம்? போட்ட ஒப்பந்தம், வாங்கிய பணம் எல்லாம் என்ன ஆகும்? ஆவின் வாழ்க்கையோடு சேர்த்து இதையும் கொஞ்சம் பார்ப்போமே!

மலையில் ஒரு பந்து

1918-ஆம் ஆண்டு ஜனவரி 28. இன்றைய நாகாலாந்தில் சாங்கி என்ற ஊரில் ஒரு போதகர் வீட்டில் தாலிமேரன் பிறந்தார். வீட்டில் பிள்ளைகள் மட்டும் பன்னிரண்டு பேர். பிறகு குடும்பம் இம்பூர் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தது. மிஷனரிகள் பள்ளி நடத்திய இடம் அது. அங்கேதான் சிறுவன் தாலிமேரனுக்குப் பந்து பழக்கமானது. கந்தல் துணியைச் சுற்றிக் கட்டிய பந்துதான்! காலில் பூட்ஸ் கிடையாது. நம்ம தங்கச்சிமடம், மண்டபம் மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1935-இல் அப்பா டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். மகன் டாக்டராகி நம் மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதே அந்த மனிதரின் ஆசை. தாலிமேரனுக்கு அப்போது பதினேழு வயது. அப்பாவின் அந்த ஆசை மகனுக்குக் கடனாக நின்றது. எழுதி வாங்கிய பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்தும் கிடையாது. ஆனாலும் அவர் கடைசிவரை மதித்து நடந்தது இந்த ஒப்பந்தத்தைத்தான்.

இரட்டைச் சவாரி

ஜோர்ஹாட்டில் பள்ளிப்படிப்பு, கவுகாத்தி காட்டன் கல்லூரியில் மேற்படிப்பு. படிக்கும்போதே தடகளத்திலும் கால்பந்திலும் கொடிகட்டிப் பறந்தார். கவுகாத்தியில் மகாராணா கிளப்புக்கு ஆடினார். 1942-இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. இன்று ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்று சொல்கிறோமே, அதுதான்.

கல்கத்தாவுக்குப் போனவர் சும்மா இருப்பாரா? 1943-இல் மோகன் பகான் கிளப்பில் சேர்ந்தார். 1911-இல் ஆங்கிலேயப் பட்டாள அணியை வெறுங்காலோடு தோற்கடித்துக் கேடயம் வென்ற அதே மோகன் பகான்! அங்கே தற்காப்பு வரிசைக்கு முன்னால் நடுவில் நின்று ஆடும் சென்டர் ஹாஃப் இடம் அவருடையது. எதிரணியின் தாக்குதலை அறுப்பவரும் நம் அணியின் தாக்குதலைத் தொடங்கி வைப்பவரும் அந்த ஒரே ஆள்தான். சீக்கிரமே கேப்டனாகவும் ஆனார்.

காலையில் கல்லூரி, சாயங்காலம் மைதானம், ராத்திரி புத்தகம். 1942-இல் சேர்ந்தவர் எம்.பி.பி.எஸ். முடித்தது 1950-இல். எட்டு வருஷம்! அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் உடனே சந்தோஷப்பட வேண்டாம். அவர் இழுத்துக்கொண்டே போகவில்லை, முடித்தார். அதுதான் விஷயம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் நம் நாட்டில் கால்பந்து தொழிலாக இல்லை. இத்தனை வருஷம் ஆடுவேன், இத்தனை ரூபாய் சம்பளம் என்று பத்திரம் எழுதும் முறை இல்லை. ஆட்டக்காரர்கள் அமெச்சூர்கள். ஆகவே நல்ல வேலை இல்லாதவனுக்கு ஓய்வுக்குப் பிறகு கையில் மிஞ்சுவது பழைய ஜெர்சி மட்டும்தான்.

லண்டனில் வெறுங்கால்

1948 லண்டன் ஒலிம்பிக். நாடு விடுதலை பெற்று ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. இந்தியக் கால்பந்து அணிக்குக் கேப்டன் டி. ஆவ். தொடக்க விழாவில் மூவர்ணக் கொடி ஏந்தி முன்னால் நடந்தவரும் அவரே.

ஜூலை 31 அன்று இல்ஃபோர்டு மைதானத்தில் பிரான்சுடன் ஆட்டம். நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பிரான்ஸ் ஒரு கோல் போட, எழுபதாவது நிமிடம் சாரங்கபாணி ராமன் பதில் கோல் போட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அது! கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகின. கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது.

தோற்றாலும் பேர் கிடைத்தது. ஏன் பூட்ஸ் இல்லாமல் ஆடுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, ஆட்டத்தின் பெயரிலேயே பாதம்தானே இருக்கிறது, பூட்ஸ் இல்லையே என்கிற பொருளில் ஆவ் வேடிக்கையாகப் பதில் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள்.

வேண்டாம் என்ற ஒப்பந்தம்

அந்தப் பயணத்தில்தான் லண்டனின் அர்செனல் கிளப் அவருக்கு ஒரு வருட ஒப்பந்தம் தர முன்வந்தது என்பது இந்தியக் கால்பந்து வரலாறு சொல்லும் செய்தி. அர்செனல் அப்போது இங்கிலாந்து லீகின் சாம்பியன். யாருக்கு வரும் இந்த வாய்ப்பு? ஆவ் மறுத்துவிட்டார். படிப்பை முடிக்க வேண்டும் என்பதே காரணம்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய கோடிகளை மனதில் வைத்து, ஐயோ இவ்வளவு பணத்தை விட்டாரே என்று நினைத்தால் தப்பு. இங்கிலாந்தில் 1901 முதலே ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. முதலில் வாரம் 4 பவுண்டு. 1947-இல் அது 12 பவுண்டு ஆனது. எவ்வளவு பெரிய புலியாக இருந்தாலும் அதற்குமேல் சம்பளம் தரக்கூடாது! 1961-இல் 20 பவுண்டாக இருந்தபோதுதான் அந்த உச்சவரம்பு ஒழிந்தது. போதாக்குறைக்கு ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில்தான். கிளப் விடாமல் இன்னொரு லீக் கிளப்புக்குப் போக முடியாது. அவன் சுதந்திரமாக எடுக்கக்கூடிய ஒரே முடிவு ஆட்டத்தையே விட்டுவிடுவதுதான்.

ஆக, ஆவ் விட்டது பெரும் செல்வத்தை அல்ல, பெரும் புகழை. அதுவும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே விட்டார். யாரிடமும் ஒரு பைசா முன்பணம் வாங்கவில்லை. அதனால் அவர் விலகியபோது யார் கணக்கிலும் ஓட்டை விழவில்லை.

பாதியில் போனால் என்ன ஆகும்?

கையெழுத்துப் போட்டு முன்பணமும் வாங்கியபின் ஒருவர் திடீரென ஓய்வு பெற்றால்? நம்ம ராமேசுவரம் கடற்கரைக்காரனுக்கு இது சுலபமாகப் புரியும். விசைப்படகில் போகும் தொழிலாளி ஓனரிடம் அட்வான்ஸ் வாங்குவது வழக்கம். வேறு படகுக்குப் போகவேண்டும் என்றால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அல்லது புது ஓனர் அடைக்க வேண்டும். கடல் தொழிலே வேண்டாம் என்று கிளம்பிவிட்டால்? அப்போதும் பழைய பாக்கி பாக்கிதான்.

அமெரிக்காவில் கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்கள் ஊர்க் கால்பந்தில் இதே கதை கோடிகளில் நடக்கிறது. அந்த லீகில் 1994 முதல் ஒவ்வொரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் வருடாந்திர உச்சவரம்பு உண்டு. ஆட்டக்காரருக்குக் கையெழுத்துப் பணம் ஒரே தடவையில் கைக்குப் போய்விடும். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். ஆள் பாதியில் போனால், ஆடாத வருடங்களின் சம்பளத்தைக் கிளப் தர வேண்டாம். ஆனால் இன்னும் எழுதாமல் மிச்சமிருக்கும் கையெழுத்துப் பணம் மொத்தமாகக் கணக்கில் வந்து உட்காரும். மைதானத்தில் இல்லாத ஒருவருக்காக அணியின் வரம்பில் ஒரு பங்கு அடைபட்டுப் போகும். அந்த அளவுக்குப் புது ஆள் எடுக்க முடியாது.

பாரி சாண்டர்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரர் 1997-இல் டெட்ராய்ட் அணியோடு ஆறு வருட ஒப்பந்தம் போட்டு ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் கையெழுத்துப் பணம் வாங்கினார். இரண்டு வருடம் ஆடினார். 1999-இல், 31 வயதில், போதும் என்று விலகிவிட்டார். வகுத்துப் பாருங்கள்: வருடத்துக்கு சுமார் 18 லட்சத்து 33 ஆயிரம். ஆடாத நான்கு வருடத்துக்கு 73 லட்சத்துச் சொச்சம். கிளப் திருப்பிக் கேட்டது. 2000-இல் நடுவர் தீர்ப்பு வந்தது: ஆறில் ஒரு பங்கை உடனே கட்ட வேண்டும், ஓய்விலேயே இருந்தால் மீதியையும் வருடா வருடம் கட்ட வேண்டும். அதற்கு மாறாக, 2019-இல் காயங்களால் நொந்து 29 வயதில் விலகிய ஆண்ட்ரூ லக் என்பவரிடம் இண்டியானாபோலிஸ் அணி சுமார் 2 கோடியே 48 லட்சம் டாலரைத் திருப்பிக் கேட்காமல் விட்டுவிட்டது. சட்டப்படி கேட்கலாம், மனசு வைத்தால் விடலாம்!

நம் தமிழ்நாட்டில் வழி வேறு. ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி என்று வேலை கொடுத்து அணி நடத்திய நிறுவனங்கள் உண்டு. அங்கே ஆட்டம் நின்றாலும் வேலை நிற்காது, மாதச் சம்பளம் வரும். பணம் கம்மிதான். ஆனால் முட்டி உடைந்தவனுக்கும் மூன்று வேளைச் சோறு உறுதி.

கொஹிமாவின் டாக்டர்

ஆவுக்கு வருவோம். 1950-இல் டாக்டர் பட்டம் கைக்கு வந்தது. அப்போது வயது 32. சென்டர் ஹாஃபாக இன்னும் சில வருடம் தாராளமாக ஆடியிருக்கலாம். 1951 மார்ச்சில் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டு நடந்தது. இந்தியா இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது. கேப்டன், லண்டனில் ஆவோடு ஆடிய சைலன் மன்னா. பழைய கேப்டன் அந்த அணியில் இல்லை. அவர் கொடுத்த உண்மையான விலை இதுதான். எந்த நடுவரும் இதைக் கணக்குப் போட்டுத் திருப்பித் தர முடியாது.

1953-இல் கொஹிமா மருத்துவமனையில் உதவி சிவில் சர்ஜனாகப் போனார். 1963 டிசம்பர் 1-இல் நாகாலாந்து தனி மாநிலமானது. அதே ஆண்டு சுகாதாரத் துறை இயக்குநரானார். பாதையும் மருத்துவமனையும் குறைவாக இருந்த மலைப்பகுதி, போதாததற்கு ஆயுதப் போராட்டமும் ராணுவமும். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு மாநிலத்தின் மருத்துவத் துறையைத் தொடக்கத்திலிருந்து கட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. 1978-இல் பணி ஓய்வு பெற்றார். மைதானத்தில் பத்து வருடத்துக்கும் குறைவு. மருத்துவச் சேவையில் கால் நூற்றாண்டு! 1998 செப்டம்பர் 13 அன்று காலமானார்.

நாடு அவரைக் கொஞ்சம் தாமதமாகத்தான் நினைத்துக்கொண்டது. 2009 முதல் வடகிழக்கு மாநிலங்களுக்கான கால்பந்துக் கோப்பை ஒன்று அவர் பெயரில் நடத்தப்பட்டது. 2018-இல் நூற்றாண்டு வந்தபோது அஞ்சல் தலை வெளியானது.

நமக்கு?

நண்பர்களே, நம்மில் சிலருக்குக் காலில் வித்தை இருக்கிறது, சிலருக்குக் கபடியில், வாலிபாலில். நாளைக்கு ஏதோ ஒரு கிளப், ஏதோ ஒரு கம்பெனி அட்வான்ஸ் நீட்டும். டிப்ளமோவைப் பாதியில் போட்டுவிட்டுப் போகலாமா என்று மனசு அடித்துக்கொள்ளும். போகவே கூடாது என்று ஆவின் வாழ்க்கை சொல்லவில்லை. அவரே கடைசிவரை இரண்டையும் சேர்த்துத்தானே பிடித்திருந்தார்! அது சொல்வது வேறு: கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேள். பாதியில் நின்றால் யாருக்கு, எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? நின்ற மறுநாள் காலையில் நான் யார்?

முதல் கேள்விக்குப் பதில் ஒப்பந்தத்தில் இருக்கும், படித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது கேள்விக்குப் பதிலை நாமேதான் தயார் செய்ய வேண்டும். லண்டனில் கொடி பிடித்த அந்த மனிதரிடம் அந்தப் பதில் முன்கூட்டியே தயாராக இருந்தது. அதனால்தான் மைதானத்தை விட்டு அவரால் தலைநிமிர்ந்து வெளியே வர முடிந்தது.

ஆடுவோம், படிப்பையும் முடிப்போம்!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்