கணித மேதை இராமானுஜன்: கைவிட்டவர்களும் கைகொடுத்தவர்களும்

அறிஞர் பெருமக்களின் வரலாற்றைப் படிக்கும்பொழுது, அவர்களைத் தொடக்கத்தில் ஒதுக்கியவர்கள் மீது நமக்குச் சினம் பிறப்பது இயல்பு. ஆனால் முடிவு தெரிந்த பின் தீர்ப்புக் கூறுவது எவர்க்கும் எளிது. முடிவு தெரியாத அந்நாளில் அவர்கள் கண்டது என்ன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாறு நம்மை அவ்வாறு எண்ணத் தூண்டுகிறது.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்த ஊர் கும்பகோணம். நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கினர் அல்லவா? அந்நாகப்பட்டினமும் கும்பகோணமும் அந்நாளில் ஒரே தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தவை. தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். நம் கடைத்தெருத் துணிக்கடைகளில் உழைப்போரைப் போன்றே எளிய வருவாய், எளிய வாழ்வு. தாயார் கோமளத்தம்மாள்.

நகர உயர்நிலைப்பள்ளியில் பயின்ற இராமானுஜன், 1904ஆம் ஆண்டில் கணிதத்திற்கான பரிசைப் பெற்றுத் தேறினார். உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் அங்கே அவர் உள்ளம் கணிதம் ஒன்றிலேயே ஆழ்ந்தது. பிற பாடங்களை அவர் தொடவில்லை. தேர்வில் தவறினார், உதவித்தொகையும் நின்றது. மனமுடைந்து 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், எஃப்.ஏ. தேர்வில் 1906, 1907 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தோல்வியே கண்டார். உடலியல் போன்ற பாடங்கள் அவருக்குத் தடைச்சுவராயின. பட்டப் படிப்பின் கதவு மூடியது.

அக்கல்லூரியார் அறிவிலிகளா? நாம் அவ்வாறு கருதவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேறவேண்டும் என்பது அனைவர்க்கும் பொதுவான விதி. அவர்கள் கையில் இருந்தது விடைத்தாள் மட்டுமே. அந்நாளில் அவரைப் போலவே தவறிய மாணவர் பலர் இருந்திருப்பர். அவர்களுள் ஒருவர் உலகம் போற்றும் மேதையாவார் என்பதை விடைத்தாள் காட்டாது. தோட்டத்துத் திடலில் காற்பந்துக் குழுவுக்குப் பதினொருவரைத் தேர்ந்தெடுக்கும்பொழுது, ஓரத்தில் நிற்கும் சிலரை விலக்கத்தான் வேண்டியிருக்கிறது. விலக்கப்பட்ட ஒருவர் பின்னாளில் வேறு குழுவில் புகழ் பெற்றால், தேர்ந்தெடுத்தவரைப் பழிக்கிறோம். விலக்கப்பட்டுப் புகழ் பெறாத மற்றவர்களை நாம் நினைப்பதே இல்லை.

ஆயினும் விதியைக் காத்ததோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மீண்டும் ஒருமுறை பார்ப்பவர் வேண்டும். இராமானுஜனுக்கு அத்தகையோர் கிடைத்தனர். 1909இல் சானகியை மணந்தபின் அவர் வேலை தேடி அலைந்தார். கையில் பட்டம் இல்லை. கணிதக் குறிப்பேடுகளே இருந்தன. அவற்றைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர் அவர் திறனை உணர்ந்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். 1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் அவருக்கு உற்ற துணையானார்.

இங்கிலாந்து நாட்டுப் பேராசிரியர்களுக்கு இராமானுஜன் மடல்கள் விடுத்தார். பேக்கர், ஆப்சன் என்னும் இருவர் உதவ முன்வரவில்லை. 1913ஆம் ஆண்டு சனவரியில் எழுதிய மடலைக் கண்ட ஆர்டியோ, நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அதிலிருந்த தேற்றங்களை ஆராய்ந்தார். எழுதியவர் பெரும் மேதை எனத் தெளிந்தார். அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகமும் பட்டம் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. முன்பு விதியால் மூடிய கதவு, புதிய சான்று கிடைத்ததும் திறந்தது. இதனை நாம் பாராட்டியே ஆகவேண்டும்.

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன், 1916இல் ஆராய்ச்சியின் வழியே பட்டம் பெற்றார். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். ஆனால் நோய் அவரை வாட்டியது. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் தமது 32ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த நாளை இந்தியா 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடி வருகிறது.

மாணவச் செல்வங்களே! இராமானுஜனும் தேர்வில் தவறினார் என்று கூறி நாம் படிக்காமல் இருத்தல் தகாது. தவறிய பின்னரும் அவர் நாள்தோறும் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதினார். அவ்வுழைப்பே பிறர் காணத்தக்க சான்றாயிற்று.

பெற்றோர்களே! பிள்ளையின் மதிப்பெண் குறைந்த நாளில் அப்பிள்ளையின் எதிர்காலம் எவர்க்கும் தெரியாது. ஆசிரியர்க்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆகவே அன்றே இறுதித் தீர்ப்புக் கூறாதிருப்போம். அப்பிள்ளை விரும்பிச் செய்வது யாது என ஒருமுறை பொறுமையுடன் பார்ப்போம். இராமானுஜனுக்குக் கிடைத்த அந்த இரண்டாம் பார்வை, நம் பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் கிடைக்கட்டும்.