துருவின் வழி கண்ட பேராசிரியர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., தாவரவியல்)

உண்ணும் உணவுக்காக உழவருக்கு நன்றி கூறுகிறோம். அவ்வுழவரின் பயிரை நோயிலிருந்து காக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர்களை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அத்தகையோருள் ஒருவர் ஆக்ராக் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா. நம் பாடநூலில் அவர் பெயர் ஓரிரு வரிகளில் வந்து போகிறது. தேர்வுக்கு அது போதும். ஆனால் அவ்வரிகளுக்குப் பின்னால் ஏறத்தாழ முப்பதாண்டு உழைப்பு இருக்கிறது. அதை நம் கல்லூரி மலரில் எழுத விரும்பினேன்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். எங்கள் ஆரணிப் பக்கத்தில் நெல்லும் நிலக்கடலையும் உண்டு, கோதுமை இல்லை. ஆயினும் துருநோய் நமக்குப் புதியதன்று. நோய் கண்ட கடலைச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் செங்கல் நிறக் கொப்புளங்கள் இருக்கும். தொட்டால் பட்டுக்கு ஏற்றும் சாயப்பொடி போல விரலில் ஒட்டும். அது ஒரு பூசணத்தின் வித்துத் தூள். இதன் இனத்தைச் சேர்ந்த பூசணங்களே கோதுமையிலும் பார்லியிலும் கருந்துரு, பழுப்புத்துரு, மஞ்சள்துரு ஆகிய நோய்களை உண்டாக்குகின்றன. இலையும் தண்டும் வெடித்துப் பயிர் வலுவிழக்கிறது. கதிரில் மணி சூம்பிப் போகிறது.

1892இல் பிறந்த மேத்தா, இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜில் துருநோய்களை ஆராய்ந்தார். அவ்வாய்வு பற்றிய அவரது கட்டுரை 1923இல் வெளிவந்தது. ஆக்ராவில் வகுப்பு நடத்திக்கொண்டே, இந்தியக் கோதுமையின் துருவை ஆராயத் தொடங்கினார்.

அவர் முன் நின்ற கேள்வி எளியது. கோதுமை கார்த்திகை வாக்கில் விதைக்கப்பட்டுப் பங்குனி, சித்திரையில் அறுவடையாகிறது. அதன்பின் வயல் வெறுமையாகிறது. வடநாட்டுச் சமவெளியில் கோடை வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அவ்வெப்பத்தில் துருவின் வித்துகள் மடிந்துவிடுகின்றன. அப்படியிருக்க, அடுத்த பயிருக்கு நோய் எங்கிருந்து வருகிறது?

மேல்நாட்டார் இதற்கு விடை வைத்திருந்தனர். கருந்துருப் பூசணம் தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைப் பார்பெரி என்னும் புதரில் கழிக்கிறது என்று ஜெர்மானிய அறிஞர் டி பாரி 1865இல் காட்டியிருந்தார். அமெரிக்காவில் பார்பெரிப் புதர்களைப் பெருமளவில் வெட்டி அழித்தனர். நம் இமயமலையிலும் பார்பெரி உண்டு. ஆகவே இங்கும் அதுவே காரணம் என்று எழுதி முடித்துவிடுவது சுலபம். மேத்தா அவ்வாறு செய்யவில்லை. மலைகளுக்குச் சென்று பார்த்தார், சோதனை செய்தார். இந்தியாவில் கோதுமைத் துரு ஆண்டுதோறும் திரும்பி வருவதில் பார்பெரிக்குப் பங்கில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

நெசவில் இழை அறுந்தால், அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் முடிச்சுப் போட முடியாது. தறியுள்ள வீட்டில் வளர்ந்த எவருக்கும் இது தெரியும். மேத்தாவும் துருவின் வாழ்க்கை இழை கோடையில் எங்கே அறுகிறது, எங்கே அறாமல் தொடர்கிறது என்றே தேடினார். விடை மலைகளில் கிடைத்தது. இமயமலைச் சரிவுகளிலும், நம் நீலகிரி, பழனி மலைகளிலும் குளிர்ச்சியால் கோடையிலும் கோதுமை பச்சையாக நிற்கிறது. தானே முளைத்த செடிகளும் உண்டு. துரு அவற்றில் உயிர் பிழைத்திருக்கிறது. பின்னர் அதன் வித்துகள் காற்றில் ஏறிச் சமவெளிக்கு வருகின்றன. வாசலின் தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, அதில் ஒட்டிய வித்துகளை நுண்ணோக்கியில் எண்ணி இதற்குச் சான்று தேடினர்.

1929இல் சென்னையில் இந்திய அறிவியல் மாநாடு கூடியபோது, தாவரவியல் பிரிவின் தலைவராகத் துரு ஆண்டுதோறும் எவ்வாறு திரும்பி வருகிறது என்பதைப் பற்றியே மேத்தா உரையாற்றினார். 1930இல் சிம்லாவின் பிளவர்டேலில் அவர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அவரது விரிவான ஆய்வு நூல் 1940இல் வெளியாயிற்று.

நோய் வரும் வழி தெரிந்துவிட்டது. அதை அடைப்பது எப்படி? மலைகளில் கோடைக் கோதுமையை நிறுத்தி, தானாய் முளைத்தவற்றையும் அழித்துவிடலாம் என்பது மேத்தாவின் யோசனை. ஆனால் மலையுழவரிடம், தொலைவிலுள்ள வயலைக் காப்பதற்காக உம் பயிரை விட்டுவிடும் என்று சொல்வது எளிதா? மற்றொரு வழி, நோயைத் தாங்கும் ரகங்களை உருவாக்குவது. நோய் எதிர்ப்புத் தன்மையும் மெண்டலின் விதிப்படி சந்ததிக்குச் செல்லும் என்று கேம்பிரிட்ஜின் பிஃபன் 1905இலேயே காட்டியிருந்தார். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். துரு என்பது ஒரே பகைவன் அன்று. பார்வைக்கு ஒன்றாயிருந்தாலும் அதனுள் பல இனக்கூறுகள் உண்டு. ஒன்றைத் தாங்கும் ரகம் மற்றொன்றிடம் வீழ்ந்துவிடும். எந்தெந்தக் கூறுகள் நாட்டில் உள்ளன என்று தெரியாமல் ரகம் உருவாக்குவது, இருட்டில் கல்லெறிவது போன்றது. அக்கூறுகளைப் பிரித்தறியும் பணி சிம்லாவில் நடந்தது.

1946-47இல் மத்திய இந்தியாவில் கருந்துரு பெருங்கொள்ளை நோயாகப் பரவிக் கோதுமையை அழித்தது. மேத்தா அதையும் கண்டார். 1950இல் அவர் மறைந்தார். மூன்று துருக்களையும் எதிர்த்து நின்ற என்.பி. 809 என்ற கோதுமை, டாக்டர் பி.பி. பால் தலைமையில் உருவாகி 1954இல் வெளிவந்தது. அதைக் காண மேத்தா இல்லை. அவரது ஆய்வு நூலின் இரண்டாம் பகுதியும் அவர் மறைந்தபின், 1952இல்தான் அச்சேறியது. 1970களில் எஸ். நாகராஜன், எல்.எம். ஜோஷி முதலியோர், தெற்கு மலைகளிலிருந்து புயற்காற்றில் செல்லும் வித்துகள் மழையோடு மத்திய இந்தியாவில் இறங்குவதை விளக்கியபோது, மேத்தா காட்டிய பாதை மேலும் தெளிவாயிற்று.

இப்பணிக்கு முடிவில்லை. பூசணம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1999இல் உகாண்டாவில் அறியப்பட்ட கருந்துருக் கூறு, அதுவரை நம்பியிருந்த எதிர்ப்பு மரபணு ஒன்றை வீழ்த்தியது. பிளவர்டேல் நிலையம் இன்று கர்நாலிலுள்ள இந்தியக் கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. நம் நீலகிரியின் வெலிங்டனிலும் கோதுமை ஆராய்ச்சி நிலையம் உண்டு. துரு உயிர்வாழும் மலையிலேயே புது ரகங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இலையையும் பூசணத்தையும் படித்து என்ன ஆகப்போகிறது என்று தெருவில் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதில் தவறில்லை; தறியில் உழைப்பின் பயன் புடவையாகக் கண்முன் தெரிகிறது. ஆராய்ச்சியின் பயன் அவ்வளவு விரைவில் தெரிவதில்லை. ஆனால் மேத்தா ஒரு கல்லூரி ஆசிரியர். நம் ஆசிரியர்களைப் போலவே வகுப்பெடுத்தவர். பிறநாட்டு விடையை அப்படியே ஏற்காமல், நம் மண்ணில் உண்மை என்ன என்று கேட்டார். கோடிக்கணக்கானோரின் ரொட்டி அக்கேள்வியில் அடங்கியிருந்தது. நண்பர்களே, நம் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கி பழையதுதான். அதில் ஒரு கடலை இலையை வைத்துப் பார்க்க அது போதும். இவ்விலைக்கு இந்நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தாம்.