ஸ்வைன்சன் அம்மையார் திறந்த வாசல்

காது கேளாத பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளியில் இடம் தேடி அலையும் பெற்றோரை மதுரையில் காணும்போதெல்லாம் புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையாரை நினைத்துக்கொள்கிறேன். நெல்லைச் சீமைக்கு மிஷனரியாக வந்த ஆங்கிலேயர் அவர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் அத்தகைய பள்ளிகள் அப்போது தொடங்கியிருந்தன. மதுரைக் குடியானவருக்கு அவை எட்டாத ஊர்கள். பாளையங்கோட்டையில் சில பிள்ளைகளுக்கு அம்மையார் கற்பிக்கத் தொடங்கினார். 1897-இல் அது பள்ளியாயிற்று. இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மதுரையிலிருந்து தெற்கே 1876-லேயே ரயில் ஓடியது. ஆயினும், தன் தேவையை வாய்விட்டுச் சொல்லவியலாத பிள்ளையை அயலூரில் விட்டுத் திரும்புவதன் விலையை நான் கற்ற பொருளாதாரம் கணக்கிட்டதில்லை. அன்று பள்ளியில் இடம் என்பது அம்மையாரின் கருணை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 31-ஆம் பிரிவோ, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு, அருகமைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. விண்ணப்பத்தில் அப்பிரிவைக் குறிப்பிடுமாறு பெற்றோரிடம் சொல்லிவருகிறேன்.